பஞ்சாரத்துக்குள் புருஷன்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மலைகளுக்கே இன்னும் பெயர் வைத்து முடிக்காத நாளில், கொன்றைநாடு என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அந்த ராஜ்யத்தில் எல்லாம் இருந்தது. ஆறு இருந்தது, ஆற்றில் மீன் இருந்தது. ராஜா இருந்தார், ராஜாவுக்குப் பெரிய மீசை இருந்தது. கூவுகிற சேவல் மட்டும் இல்லை.

ஏன் இல்லை? மாயகண்டன் என்ற மந்திரவாதி காக்காப்பாறையின் உச்சியில் குடியிருந்தான். ஒரு பிடி சாம்பலை ஊதினால் யாரையும் எதுவாகவும் ஆக்கிவிடுவான். மந்திரியை அம்மிக்கல் ஆக்கினான். சேனாபதியைத் தவளை ஆக்கினான். எதிர்த்துப் பேசிய புலவரைப் பூட்டு ஆக்கித் தன் வீட்டுக் கதவிலேயே தொங்கவிட்டான். ஆனால் சேவல் ஒரே ஒரு தடவை கூவினால் போதும், அவன் போட்ட கட்டெல்லாம் அந்த நொடியே அவிழ்ந்து போகும். அதனால் நாடு முழுக்கத் தண்டோரா போடச் சொன்னான். எந்த வீட்டில் குஞ்சு பொரித்தாலும் சேவல் குஞ்சுகளைப் பிரித்து, அவை கூவப் பழகுமுன் அவனிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அவற்றை மிளகு போட்டு வறுத்துத் தின்றுவிடுவான்.

சேவல் இல்லாமல் குஞ்சு ஏது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஊருக்கு ஒரு சேவலை அவன் விட்டுவைத்திருந்தான். அதன் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டிக் குரலை எடுத்திருந்தான். வாயைத் திறக்கும், கழுத்தை நீட்டும், காற்றுதான் வரும்.

சேவல் கூவாத நாட்டில் எப்போது விடிகிறது என்று யாருக்குத் தெரியும்? நிலா கொஞ்சம் பளிச்சென்று அடித்தால் விடிந்துவிட்டது என்று ஏர் பூட்டிக்கொண்டு போனார்கள். வெயில் ஏறிய பிறகும் விடியவில்லை என்று இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். ஒருவருக்கும் சரியான தூக்கம் இல்லை. நாட்டுக்கே இருப்புக் கொள்ளவில்லை.

அப்படி இருப்புக் கொள்ளாத நாட்டிலேயே அதிகம் இருப்புக் கொள்ளாதவள் பவளாயி. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு மூன்று தடவை மூடியைத் திறந்து பார்ப்பாள். அவரை விதையை ஊன்றிவிட்டு, முளைத்துவிட்டதா என்று மறுநாளே தோண்டிப் பார்ப்பாள். அவள் புருஷன் சாத்தப்பன் நேர்மாறு. மூங்கில் பிளந்து பஞ்சாரம் முடைகிறவன். கோழியையும் குஞ்சையும் கவிழ்த்து மூடுகிற அந்தப் பெரிய கூடையை முடையும்போது இடி விழுந்தாலும் நிமிர மாட்டான். அவள் தோண்டப் போகும்போது, "பொறு புள்ள" என்பான். அவளுக்குச் சுள்ளென்று கோபம் வரும். ஆனாலும் பொறுப்பாள்.

இந்தச் சாத்தப்பன்தான் ஒரு நாள் மாட்டிக்கொண்டான். ஒப்படைக்க வேண்டிய இளம் சேவல் ஒன்று அவன் காலடியில் வந்து ஒண்டியது. பாவமாக இருந்தது. அதன் மேல் ஒரு பஞ்சாரம், பஞ்சாரத்தின் மேல் இன்னொரு பஞ்சாரம் என்று கவிழ்த்து மறைத்துவிட்டான். மாயகண்டனுக்கு மூக்கு நீளம். மோப்பம் பிடித்துக்கொண்டு நேராக வாசலுக்கே வந்துவிட்டான்.

சேவலைப் பிடித்துக் கூண்டில் போட்டான். சாம்பலை எடுத்து ஊதினான். பவளாயி கையில் விளக்குமாற்றோடு பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாத்தப்பன் மறைந்துபோனான். அவன் நின்ற இடத்தில் வைக்கோல் நிறத்தில் ஒரு கோழிக்குஞ்சு கீச்கீச்சென்றது.

அன்று காலையில்தான் அவர்கள் வீட்டுப் புள்ளிக்கோழி குஞ்சு பொரித்திருந்தது. மாயகண்டன் சாத்தப்பனைத் தூக்கி அந்தக் குஞ்சுகளுக்கு நடுவே போட்டு, மாவு பிசைகிற மாதிரி கையால் கலைத்துவிட்டான். எல்லாம் ஒரே நிறம். எல்லாம் ஒரே கீச்கீச்.

கட்டுப் போடுகிறவன் அவிழ்க்கும் வழியையும் சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் கட்டு நிற்காது. அது மந்திரவாதிகளுக்குள் இருக்கிற சட்டம். அதனால் அவனும் சொன்னான்.

"இதுல ஒரு குஞ்சு உன் புருஷன். அதை எடுத்து மடியில வச்சு, நீ அவனைக் கூப்பிடுற மாதிரி கூப்பிடு. மனுஷனா எந்திரிச்சிடுவான். தப்பான குஞ்சை வச்சுக் கூப்பிட்டே, அதோட சரி. சாகுற வரைக்கும் அவன் இறகோடதான் திரியணும். கொண்டை சிவக்கிற நாள்ல வருவேன். வழக்கம்போல சேவலையெல்லாம் பிடிச்சுட்டுப் போவேன்."

சொல்லிவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினான்.

அவன் போனதும் ஊரே கூடிவிட்டது. சாத்தப்பன் ஆம்பிளை, ஆகவே சேவல் குஞ்சாகத்தான் இருப்பான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றார்கள். பவளாயியும் அப்படித்தான் நினைத்தாள். ஆக, முதலில் சேவல் எது, பெட்டை எது என்று பிரிக்க வேண்டும். பிரித்து, சேவல் குஞ்சுகளில் தன் புருஷனைக் கண்டுபிடிக்க வேண்டும். மாயகண்டன் வருமுன் கண்டுபிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மிளகு வறுவல்தான்.

பொரித்த குஞ்சில் சேவலையும் பெட்டையையும் பிரிப்பது லேசான காரியமா? ஆனால் ஊரில் அது தெரியாதவர்கள் யாருமே இல்லை. கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு வழி வைத்திருப்பார்கள்.

முதலில் பக்கத்து வீட்டு மூக்காயி வந்தாள். குஞ்சின் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினாள். தலையை நிமிர்த்திப் பார்த்தால் சேவல், துவண்டு தொங்கினால் பெட்டை என்றாள். அடுத்து மேளக்காரர் கோணப்பன் வந்தார். இறக்கையை விரித்துப் பார்த்தார். இறகு ஒரே சீராக இருந்தால் சேவல், ஏறி இறங்கி இருந்தால் பெட்டை என்றார். மூக்காயி சேவல் என்ற குஞ்சுகளில் பாதியை அவர் பெட்டை என்றார். இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை வந்துவிட்டது.

கடைசியாக அரண்மனையில் பாரா நின்ற வீரணன் வந்தார். தம் தலைப்பாகையை அவிழ்த்து, குஞ்சுகளின் தலைக்கு மேலே பருந்து மாதிரி வீசினார். பயந்து உட்கார்ந்தால் பெட்டை, நிமிர்ந்து நின்றால் சேவல் என்பது அவர் கணக்கு.

தலைப்பாகை நிழல் விழுந்ததும் எல்லாக் குஞ்சுகளும் மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கொண்டன. ஒன்று மட்டும் உட்காரவில்லை. கடுகளவு நெஞ்சை முன்னே தள்ளிக்கொண்டு நின்றது. கழுத்தை நீட்டிக் கத்தித் தீர்த்தது. ஊரே கைதட்டியது. அதற்கு முரடன் என்று பெயர் வைத்து, அடையாளத்துக்குக் காலில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினார்கள். இன்னொரு குஞ்சு பயத்தில் அப்படியே மயங்கி விழுந்துவிட்டது. அதற்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வைத்தார்கள். தலைகீழாகத் தூக்கியபோதும் துவண்டது அதுதான், இறகு ஏறி இறங்கி இருந்ததும் அதற்குத்தான். மூன்று பேரும் சண்டை போடாமல் பெட்டை என்று ஒத்துக்கொண்டது அந்த ஒரு குஞ்சை மட்டும்தான்.

பவளாயி முரடனையே பார்த்தாள். இவன்தான் மாமன் என்று மனசு அடித்துக்கொண்டது. முரடனை எடுக்கக் கை போனது. பாதியில் நின்றது. மூக்காயி கணக்கில் முரடன் பெட்டை, கோணப்பன் கணக்கிலும் பெட்டை. தப்பாகிவிட்டால் என்ன செய்வது? கை திரும்பி வந்தது.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் நடந்தாள். பெருக்கிய முற்றத்தையே திரும்பப் பெருக்கினாள். கிணற்றுக்குப் போய்த் தண்ணீர் எடுக்காமல் வெறுங்குடத்தோடு வந்தாள். அடிக்கொரு தரம் பஞ்சாரத்தைத் தூக்கி, ஈர விரலால் ஒவ்வொரு குஞ்சின் தலையையும் தேய்த்து, கொண்டை சிவக்கிறதா என்று பார்த்தாள். சிவந்துவிட்டால் அவன் வந்துவிடுவானே என்று பயம். சிவக்காவிட்டால் எது சேவல் என்று தெரியாதே என்று பயம். அவள் விரலைக் கண்டாலே குஞ்சுகள் ஓட ஆரம்பித்துவிட்டன. பொறு புள்ள என்று சொல்ல ஆள் இல்லாத வீடு அவளைப் போட்டுப் படுத்தியது. அந்த ஒரு வார்த்தைக்காக ஏங்கி ஏங்கி அழுதாள்.

ஒரு நாள் உச்சி வெயிலில் நிஜமான பருந்தே வந்துவிட்டது. பவளாயி முற்றத்தில் குந்தித் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். தாய்க்கோழி ஒரு குரல் கொடுத்ததும் குஞ்சுகளெல்லாம் அதன் இறக்கைக்குள் புகுந்துகொண்டன. முரடன் மட்டும் போகவில்லை. வெட்டவெளியில் அவளுக்கு முன்னால் ஓடி வந்து நின்று, வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்து கத்தியது. பருந்தின் கால் நகம் அதன் முதுகை உரசும்போது அவள் விளக்குமாற்றை வீசினாள். பருந்து நாலு இறகை உதிர்த்துவிட்டுப் பறந்தது.

பவளாயிக்கு இப்போது சந்தேகமே இல்லை. இவன்தான். கை போனது. அதற்குள் சத்தம் கேட்டு மூக்காயி ஓடி வந்தாள். கொண்டை இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது, அவசரப்பட்டுக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ளாதே என்றாள். கை பாதியில் நின்றது. கை திரும்பி வந்தது.

குஞ்சுகள் வளர்ந்தன. பஞ்சு உதிர்ந்து இறகு வந்தது. சிலதுக்குக் கொண்டை தடித்து, பாக்குப் போட்ட உதடு மாதிரி சிவந்தது. வாலில் வளைந்த இறகு எட்டிப் பார்த்தது. ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நெஞ்சால் முட்டின. சந்தேகமில்லாத சேவல்கள். பவளாயி முரடனைப் பார்த்தாள். முரடனின் கொண்டை சோளமணி அளவுகூட இல்லை. நிறம் வெளுப்பு. வால் கட்டை. பெட்டைகளோடு சேர்ந்து புழுதியில் குளித்துக்கொண்டிருந்தது.

மூக்காயி வந்து பார்த்தாள். தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அடியே பவளா, இது பெட்டைடி."

பவளாயி கையிலிருந்த பொரிகடலையைக் கீழே கொட்டினாள். இத்தனை நாளும் ஒரு பெட்டைக்குப் போய்ப் பொரிகடலை ஊட்டியிருக்கிறாள். ஒரு பெட்டையிடம் போய் அழுதிருக்கிறாள். அசல் புருஷன் எந்த மூலையில் எதைக் கொத்திக்கொண்டிருந்தானோ, அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்த ஆத்திரமெல்லாம் முரடன் மேல் திரும்பியது. வழக்கம்போல அது அவள் காலடிக்கு வந்து நின்றபோது கை தன்னால் போனது. பாதியில் நின்றது. திரும்பி வந்தது. போ அந்தப் பக்கம் என்று காலால் தள்ளிவிட்டாள். அது கொஞ்ச தூரம் போய் நின்று அவளையே பார்த்தது.

அடுத்த நாளே மாயகண்டன் வந்துவிட்டான்.

இரும்புக் கூண்டு, நீளமான இடுக்கி, இடுப்பில் சாம்பல் பை. ஊர் முழுக்க வேலிக்கு வெளியே நின்றது. மலையைக் கடுகாக்கத் தெரிந்த மந்திரவாதிக்குக் கோழியில் ஆண் பெண் பார்க்கத் தெரியாது. அதனால் மூக்காயியையும் கோணப்பனையும் விட்டுப் பிரித்துப் போடச் சொன்னான். சிவந்த கொண்டையை ஒவ்வொன்றாக அவர்கள் காட்ட, இவன் எட்ட நின்று இடுக்கியால் பிடித்து, அவர்களைக் கொண்டே அலகைக் கட்டவைத்துக் கூண்டுக்குள் போட்டான். ஒரு சேவல் சும்மா கழுத்தை நீட்டியது. அவ்வளவுதான், மாயகண்டன் குதித்துப் போய் வீரணன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். சிரிப்பை அடக்க ஊர் படாத பாடு பட்டது.

எல்லாச் சேவலும் கூண்டுக்குள் போனபின் பவளாயி ஓடி வந்து கூண்டைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் அவளுக்கு ஒரு தடவை பாக்கி இருக்கிறது, எடுத்துக்கொள்ள விட வேண்டும் என்றாள். மாயகண்டன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். கூண்டுக் கதவைத் தானே இடுக்கியால் தள்ளித் திறந்துவிட்டு, ஏழெட்டு அடி பின்னால் போய் நின்றுகொண்டான்.

"கூண்டுக்குள்ளதானே தேடப் போறே? நல்லாத் தேடு."

அவள் கையை உள்ளே விட்டாள். எதைத் தொடுவது என்று தெரியாமல் ஒரு தடவை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். இவ்வளவு பெரிய மந்திரவாதி, அலகைக் கட்டிப்போட்ட இளம் சேவலுக்குப் பயந்து அத்தனை தூரத்தில் போய் நிற்கிறானே!

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சேவலைக் கண்டால் இப்படி நடுங்குகிறவன், தன் வாயால் மந்திரம் சொல்லித் தானே ஒரு சேவலை உண்டாக்குவானா? ஊரில் இருக்கிற சேவல் போதாதென்று இன்னொன்றைச் செய்து வைப்பானா? சாத்தப்பன் சேவல் குஞ்சு என்று யார் சொன்னது? அவன் சொல்லவில்லை. குஞ்சு என்றுதான் சொன்னான். சேவல் என்று சொன்னது ஊர். சேவல் என்று நம்பியது அவள்.

கூண்டிலிருந்து கையை எடுத்தாள். மாயகண்டன் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. அவள் திரும்பி நடந்தாள். தாய்க்கோழியைத் தாண்டி, மற்றப் பெட்டைகளைத் தாண்டி, புழுதிக் குழிக்குப் போனாள். சிவப்பு நூல் கட்டிய பெட்டை அவளைப் பார்த்ததும், நேற்று வாங்கிய உதையை நினைத்தோ என்னவோ, ஓரடி பின்னால் போனது. பவளாயி புழுதியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஊர் முழுக்கக் கத்தியது. அது பெட்டை, அது பெட்டை என்று மூக்காயி தலையில் அடித்துக்கொண்டாள். பவளாயி காதில் எதுவும் விழவில்லை. கை போனது. இந்தத் தடவை நிற்கவில்லை.

மடியில் வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். "மாமா."

மடி கனத்தது. தலைமுடியெல்லாம் புழுதியும், முதுகில் ஒரு நகக் கீறலும், கால் விரலில் ஒரு சிவப்பு நூலுமாகச் சாத்தப்பன் அவள் மடியில் உட்கார்ந்திருந்தான். அவ்வளவு பெரிய ஆளை மடியில் வைத்துக்கொண்டு அவளும் ஊர் பார்க்க உட்கார்ந்திருந்தாள். வெட்கப்பட அவர்களுக்கு நேரமில்லை.

மாயகண்டனுக்கு முகம் கறுத்துவிட்டது. சட்டப்படி அவன் போக வேண்டியதுதான். ஆனால் தோற்ற மந்திரவாதிக்குச் சட்டமாவது ஒன்றாவது. இரண்டு கையாலும் சாம்பலை அள்ளினான். அவளையும் அவனையும் வேலிக்கு வெளியே நிற்கிற ஊரையும் மொத்தமாகப் புழுவாக்கிவிடப் போவதாகச் சொல்லி, ஊத வாயைக் குவித்தான்.

கவிழ்த்துக் கிடந்த பஞ்சாரத்தின் மேலே பயந்தாங்கொள்ளி ஏறி நின்றது. எப்போது ஏறியது என்று யாரும் பார்க்கவில்லை. மூன்று பேரும் சண்டையில்லாமல் பெட்டை என்று சொன்ன அதே குஞ்சுதான். சிலதுக்குக் கொண்டை சிவக்க நாளாகும், அதற்கு மூக்காயி என்ன செய்வாள், கோணப்பன் என்ன செய்வார்? அது கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தை நீட்டி, உடம்பெல்லாம் நடுங்க வாயைத் திறந்தது.

"கொக்... கொக்கர... கோ."

நன்றாக இருந்தது என்று சொன்னால் பொய். எண்ணெய் போடாத கதவு மாதிரி இருந்தது. ஆனால் அந்த நாடு எத்தனையோ வருஷமாகக் கேட்காத சத்தம் அது.

மாயகண்டன் ஊதிய சாம்பல் வெறும் சாம்பலாகப் பறந்து அவன் மூக்குக்குள்ளேயே போனது. தும்மினான். தும்மத் தும்ம அவன் மந்திரமெல்லாம் கழன்று விழுந்தது. ஊருக்கு ஊர் ஊமைச் சேவல்களின் கழுத்துக் கயிறு அறுந்தது. இத்தனை நாள் தேக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து அவை கூவின. அம்மிக்கல்லாக இருந்த மந்திரி முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தவளை சேனாபதி ஆனது. பூட்டாக இருந்த புலவர் வாயைத் திறந்தவர், அதற்கப்புறம் மூடவே இல்லை. திறந்து கிடந்த கூண்டிலிருந்து சேவல்கள் வெளியே வந்து மாயகண்டனைத் துரத்தின. எல்லையைத் தாண்டி ஓடியவன் திரும்பி வரவே இல்லை.

ராஜா மீசையை முறுக்கிக்கொண்டு தாமே வந்தார். பவளாயிக்கு ஆற்றோரத்தில் நல்ல நஞ்சை நிலம் கொடுத்தார். இனிமேல் நாட்டில் பொரிக்கிற குஞ்சுகளை எல்லாம் பார்த்துச் சேவலா பெட்டையா என்று சொல்கிற பதவியும் அவளுக்கே என்றார். பவளாயி நிலத்தை வாங்கிக்கொண்டாள், பதவியை வேண்டாம் என்றுவிட்டாள்.

"கூவட்டும் மகாராஜா, இல்லைன்னா முட்டை போடட்டும். அதுக்கு முன்னால எனக்கும் தெரியாது."

எல்லோரும் போன பிறகு வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். சாத்தப்பனுக்குச் சோறு போட்டுவிட்டு அவள் எதிரே நின்றாள். உட்கார்ந்தாள், எழுந்தாள். கேட்கலாமா வேண்டாமா என்று தவித்தாள். கடைசியில் கேட்டே விட்டாள்.

"மாமா, நான் கால்ல தள்ளுனேனே. வலிச்சுதா?"

"கோழிக்கு அதெல்லாம் என்ன தெரியும்" என்றான் அவன், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"பின்ன பருந்து வந்தப்ப ஏன் ஓடி ஒளியலை? அம்புட்டுக் குஞ்சும் ஒளிஞ்சுச்சே. ஒரே கொத்துல கொண்டு போயிருக்குமே."

சாத்தப்பன் கையை நிறுத்திவிட்டு யோசித்தான். அவன் எதையும் நிதானமாகத்தான் சொல்வான் என்று தெரியும் அல்லவா. பவளாயி வழக்கத்துக்கு மாறாகப் பொறுத்திருந்தாள்.

"அது பருந்துன்னு எனக்குத் தெரியாது புள்ள. நான் சேவலா, பெட்டையா, ஆளான்னே தெரியாது. நிழல் ஒண்ணு உன் மேல விழுந்துச்சு. அம்புட்டுதான் தெரிஞ்சுது."

பவளாயி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள். அவள் தலையில் தன் இடக் கையை வைத்துக்கொண்டு அவன் மீதிச் சோற்றையும் தின்று முடித்தான். வெளியே பயந்தாங்கொள்ளி இன்னொரு தடவை கூவிப் பார்த்தது. இந்தத் தடவை கொஞ்சம் தேவலை.

அவர்கள் வீட்டில் சோறும் சிரிப்பும் குறையாமல் இருந்தது. கேட்ட உங்கள் வீட்டிலும் குறையாமல் இருக்கட்டும்.